கரண்டிக்கு ஏற்ற தடுப்பு

சமையல் மேடைக்குக் கீழே கதவு வைத்த அலமாரிகளுக்குப் பதிலாக இழுப்பறைகளை அமைக்கும் வழக்கம், ‘மாடுலர் கிச்சன்’ என்று அழைக்கப்படும் தொகுப்புச் சமையலறைகளோடு சேர்ந்து தமிழ்நாட்டு நகர வீடுகளுக்குள் பரவியது. அதற்கு முன்னர் பெரும்பாலான வீடுகளில் கரண்டிகள் சுவரில் அடித்த கொக்கிப் பட்டையில் தொங்கின, எவர்சில்வர் தட்டுகள் கம்பி ஸ்டாண்டில் சாய்ந்து நின்றன, தாளிக்கும் பொருள்கள் அஞ்சறைப்பெட்டியில் இருந்தன. எது எங்கே இருக்கிறது என்பதைக் கண்ணே சொல்லிவிட்டதால் ஒழுங்கு என்பதைத் தனியாகத் திட்டமிட வேண்டிய தேவை எழவில்லை. இழுப்பறை அந்த நிலையை மாற்றியது. அலமாரியின் பின்மூலையில் ஒளிந்துகிடக்கும் பொருளை, குனிந்து துழாவாமலேயே கைக்கு முன்னால் கொண்டுவந்து தருவது அதன் பெரும் நன்மை என்றால், மூடிய பிறகு உள்ளே இருப்பது எதுவும் தெரியாது என்பதும், திறந்து மூடும் ஒவ்வொரு முறையும் உள்ளே இருப்பவை இடம்பெயரும் என்பதும் அதன் இயல்பான குறைகள்.

இந்த இடப்பெயர்ச்சிக்குக் காரணம் எளிய இயற்பியல்தான். இழுப்பறையை வேகமாக முன்னால் இழுக்கும்போது, உள்ளே தளர்வாகக் கிடக்கும் கரண்டி தன் பழைய இடத்திலேயே நிற்க முயல்வதால் பெட்டியின் பின்பக்கம் நோக்கிச் சறுக்குகிறது. பெட்டியைத் தள்ளி மூடும்போது, பெட்டி நின்ற பிறகும் கரண்டி தொடர்ந்து நகர்ந்து பெட்டியின் பின்சுவரிலேயே போய் முட்டுகிறது. ஆகவே சில நாள்களில் பொருள்கள் எல்லாம் பின்பக்கம் குவிந்து, ஒன்றின் பிடிக்குள் மற்றொன்றின் தலை சிக்கிக்கொள்கிறது. உள்தடுப்பு என்பது முதலில் இந்த நகர்வை நிறுத்தும் கருவி. ஒவ்வொரு பொருளுக்கும் நிலையான இடத்தைத் தருவது அதன் இரண்டாவது பணி. கடைகளில் தடுப்புகளைத் தேர்ந்தெடுப்பவர்கள் இரண்டாவது பணியை மட்டும் மனத்தில் வைத்து, அறைகள் எத்தனை என்று எண்ணுகிறார்கள். பொருளுக்கும் தடுப்புக்கும் இடையே எவ்வளவு வெற்றிடம் மிஞ்சுகிறது என்பதைக் கவனிப்பதில்லை. இருபது சென்டிமீட்டர் கரண்டியை முப்பத்தைந்து சென்டிமீட்டர் அறையில் வைத்தால், எத்தனை அறைகள் இருந்தாலும் சறுக்கல் நிற்காது.

இக்கட்டுரையின் முதன்மையான கருத்து இங்கிருந்தே தொடங்குகிறது. சந்தையில் ‘கட்லரி டிரே’ என்ற பெயரில் கிடைக்கும் வார்ப்புத் தட்டுகளில் பெரும்பாலானவை, முள்கரண்டியும் மேசைக்கத்தியும் கொண்டு உண்ணும் மேலைநாட்டு உணவு மேசையை மனத்தில் வைத்து வடிவமைக்கப்பட்டவை. நீளவாக்கில் மூன்று அல்லது நான்கு அறைகளும், அவற்றுக்கு முன்னால் குறுக்கே ஒரு சிறு அறையும் கொண்ட அந்த அமைப்பில், நீள அறைகள் ஏறத்தாழ 23 முதல் 27 சென்டிமீட்டர் வரை இருக்கும். மேசையில் பயன்படும் முள்கரண்டியின் நீளம் 20 சென்டிமீட்டரை ஒட்டியது என்பதால் அங்கே அது சரியான அளவு. கையால் உண்ணும் வீட்டில் முள்கரண்டிகளின் எண்ணிக்கை மிகக் குறைவு. அங்கே இழுப்பறைக்குள் வர வேண்டியவை தோசைத் திருப்பி, குழிக்கரண்டி, ஜல்லிக்கரண்டி, சாதக்கரண்டி, மத்து, இடுக்கி, சப்பாத்திக் கட்டை, தேநீர் வடிகட்டி, தோல்சீவி, கத்தி ஆகியவை; இவற்றில் முதல் சிலவற்றின் நீளம் பெரும்பாலும் 28 முதல் 38 சென்டிமீட்டர் வரை செல்கிறது. அவற்றை அந்தத் தட்டில் வைக்க முயலும்போது பிடி தடுப்பின் மேலேறிச் சாய்ந்து, முன்பலகையில் இடித்து, இழுப்பறையையே திறக்கவிடாமல் செய்கிறது. கடையில் அழகாகத் தோன்றிய தட்டு வீட்டுக்கு வந்த சில வாரங்களில் ரப்பர் வளையங்களும் மருந்துச் சீட்டுகளும் போட்டு வைக்கும் இடமாக மாறிவிடுவதற்குக் காரணம் வீட்டாரின் சோம்பல் என்று சொல்வது நியாயமன்று. தட்டை வடிவமைத்தவர் நினைத்த சமையலறை வேறு.

இதே சிக்கலின் புகழ்பெற்ற முன்மாதிரி ஒன்று கட்டடக்கலை வரலாற்றில் உண்டு. முதல் உலகப் போருக்குப் பின் ஜெர்மனியின் பிராங்பர்ட் நகரில் ஏற்பட்ட வீட்டுப் பற்றாக்குறையைத் தீர்க்க, எர்ன்ஸ்ட் மே என்னும் நகரமைப்பாளரின் தலைமையில் பெரும் குடியிருப்புத் திட்டம் ஒன்று மேற்கொள்ளப்பட்டபோது, ஆஸ்திரியக் கட்டடக்கலைஞரான மார்கரெட் ஷுட்டே-லிஹோட்ஸ்கி 1926இல் அதற்கான சமையலறையை வடிவமைத்தார். ஏறத்தாழ 1.9 மீட்டர் அகலமும் 3.4 மீட்டர் நீளமும் மட்டுமே கொண்ட அந்தச் சிறு அறை சுமார் 10,000 வீடுகளில் கட்டப்பட்டது. இன்றைய தொகுப்புச் சமையலறைகள் அனைத்துக்கும் அதுவே முன்னோடி என்று பொதுவாகக் கருதப்படுகிறது. அரிசி, சர்க்கரை போன்ற உலர்பொருள்களுக்காக அதில் பொருத்தப்பட்ட அலுமினியப் பெட்டிகள் வெளியே இழுக்கப் பிடியும், அப்படியே சாய்த்துக் கொட்ட மூக்கும் கொண்டவை. இழுப்பறையையும் கொட்டும் பாத்திரத்தையும் ஒன்றாக்கிய நுட்பமான பொருள் அது. மாவுக்கு மட்டும் ஓக் மரப் பெட்டி கொடுக்கப்பட்டது. அம்மரத்திலுள்ள துவர்ப்புப் பொருள் மாவுப் புழுக்களை அண்டவிடாது என்பது அதற்குச் சொல்லப்பட்ட காரணம். ஒவ்வொரு பொருளுக்கும் ஏற்ற கலத்தைத் தேடியது அந்த வடிவமைப்பின் பெருமை. ஆனால் பெட்டிகளின் முகப்பில் உள்ளடக்கத்தின் பெயர்களையும் முன்கூட்டியே பொறித்துவிட்டதன் மூலம், ஒரு குடும்பம் என்னென்ன வாங்கும், எவ்வளவு வாங்கும் என்பதையும் திட்டமிட்டவர்களே முடிவு செய்துவிட்டார்கள். பட்டியல் மாறினால் பெயர்ப்பலகை மாறாது. இன்றைய வார்ப்புத் தட்டில் பெயர் பொறிக்கப்படுவதில்லை என்றாலும், அதன் குழிகளின் வடிவமே மறைமுகமான பெயர்ப்பலகையாகச் செயல்படுகிறது.

அஞ்சறைப்பெட்டி இதற்கு நேர்மாறான கொள்கையில் அமைந்தது. வெளிப்பெட்டிக்குள் நிற்கும் கிண்ணங்கள் தனித்தனியானவை, ஒரே அளவானவை, பெயரற்றவை. எதில் கடுகு, எதில் வெந்தயம் என்பதைச் சமைப்பவர் முடிவு செய்கிறார், அடுத்த மாதம் மாற்றியும் கொள்கிறார். ஒரு கிண்ணம் எண்ணெய்ப் பிசுக்கு ஏறினால் அதை மட்டும் எடுத்துக் கழுவலாம். வட்டப் பெட்டிக்குள் வட்டக் கிண்ணங்களை அடுக்குவதால் இடைவெளிகள் வீணாகின்றன என்பது உண்மை. அந்த இழப்புக்கு ஈடாக, விரல் நுழைந்து கிண்ணத்தைத் தூக்க வழி கிடைக்கிறது. இழுப்பறைத் தடுப்புகளைத் தேர்ந்தெடுக்கும்போதும் இந்த மூன்று குணங்களையே, அதாவது கழற்றக்கூடியதா, மாற்றியமைக்கக்கூடியதா, தனியே கழுவக்கூடியதா என்பதையே முதலில் கேட்க வேண்டும். அறைகளின் எண்ணிக்கையும் நிறமும் அதற்குப் பின்னர்தான்.

அளவெடுப்பது எளிதென்று தோன்றினாலும் பெரும்பாலான பிழைகள் அங்குதான் நேர்கின்றன; வெளியே தெரியும் அகலத்துக்கும் உள்ளே கிடைக்கும் அகலத்துக்கும் இடையிலான வேறுபாடு எதிர்பார்ப்பதைவிடப் பெரியது. 600 மில்லிமீட்டர் அகலமுள்ள அலமாரியை எடுத்துக்கொண்டால், இருபக்கப் பலகைகளும் தலா 18 மில்லிமீட்டர் தடிப்புள்ளவை என்ற கணக்கில் உள்ளே 564 மில்லிமீட்டர் மிஞ்சும். இழுப்பறை ஓடுவதற்கான ‘டெலஸ்கோபிக் சேனல்’, அதாவது ஒன்றுக்குள் ஒன்று நுழைந்து சிறு உருண்டைகளின் மேல் நழுவும் உலோகத் தடம், ஒவ்வொரு பக்கமும் ஏறத்தாழ 13 மில்லிமீட்டரை எடுத்துக்கொள்வதால் பெட்டியின் வெளியகலம் 538 ஆகிறது. பெட்டியின் பக்கப்பலகைகள் 12 மில்லிமீட்டர் தடிப்புள்ளவை என்றால் பயன்படும் உள்ளகலம் 514 மட்டுமே. 20 அங்குலம், அதாவது 500 மில்லிமீட்டர் சேனல் பொருத்திய பெட்டியின் உள்நீளமும் இதே முறையில் குறைந்து 476 மில்லிமீட்டரை ஒட்டி நிற்கும். அறுபது சென்டிமீட்டர் அலமாரிக்கு அறுபது சென்டிமீட்டர் தட்டு என்று வாங்குபவர் ஏமாறுவது இதனால்தான். பெரிய நிறுவனங்களின் தட்டுகளில் ‘600 அலமாரிக்கு’ என்று எழுதியிருப்பது அலமாரியின் அளவையா தட்டின் அளவையா குறிக்கிறது என்பதையும் கேட்டுத் தெளிவது நல்லது. வெப்பத்தால் இளக்கி அச்சில் படியவைத்துச் செய்யப்படும் மெல்லிய பிளாஸ்டிக் தட்டுகளில் இன்னொரு இழப்பும் உண்டு: அச்சிலிருந்து கழன்று வருவதற்காக அறைகளின் சுவர்கள் சாய்வாக இருக்கும் என்பதால், மேல்விளிம்பில் எட்டு சென்டிமீட்டர் அகலமுள்ள அறை அடியில் அதைவிடக் குறுகலாக இருக்கும். பொருள் படுத்துக்கிடப்பது அடியில்தான். அளவுநாடாவும் அங்கேதான் போக வேண்டும்.

நீள அகலத்தைவிட உயரமே இந்தச் சமையலறைகளில் அதிகச் சிக்கலைத் தருகிறது. மேசைக்கரண்டிகள் கிட்டத்தட்டத் தட்டையானவை. ஐந்து சென்டிமீட்டர் உயரமுள்ள அறையில் ஒன்றன்மேல் ஒன்றாக ஒரு டஜன் அடுக்கலாம். சாம்பார் ஊற்றும் குழிக்கரண்டியோ ஆழமான கிண்ணமும், மேல்நோக்கி வளைந்த பிடியும் கொண்டது. அதைக் கீழே வைத்தால் பிடியின் நுனி ஏழெட்டு சென்டிமீட்டர் உயரத்தில் நிற்கும். மேல் இழுப்பறையின் பயன்படு உயரமும் ஏறத்தாழ அதே அளவுதான் என்பதால், இரண்டு கரண்டிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறியதும் பிடி மேடையின் அடிப்பகுதியில் மாட்டிக்கொண்டு இழுப்பறை பாதியில் நின்றுவிடுகிறது. பிறகு கத்தியையோ அளவுகோலையோ இடுக்கில் நுழைத்துக் கரண்டியை அமுக்கித்தான் திறக்க வேண்டியிருக்கிறது. குழிக்கரண்டிகளைச் சற்று ஆழமான இரண்டாவது இழுப்பறைக்கு அனுப்பிவிட்டு, தட்டையான தோசைத் திருப்பி, தோல்சீவி, தேக்கரண்டி ஆகியவற்றை மட்டும் மேலே வைப்பது இதற்கு எளிய தீர்வு. இல்லையென்றால் குழிக்கரண்டிகளைப் பக்கவாட்டில் படுக்கவைத்து, ஒன்றின் தலை முன்னும் அடுத்ததன் தலை பின்னுமாக மாற்றிமாற்றி வைக்கும்படி, பத்துப் பன்னிரண்டு சென்டிமீட்டர் அகலமுள்ள ஒரே நீள அறையை ஒதுக்கலாம். கரண்டிகளைக் கொக்கிப் பட்டையிலேயே தொங்கவிடுவதிலும் குறை ஒன்றுமில்லை. இழுப்பறை வந்துவிட்டது என்பதற்காக எல்லாவற்றையும் அதற்குள் புகுத்த வேண்டும் என்று எந்த விதியும் கிடையாது.

தடுப்பு வகைகளில் மிகவும் விளம்பரப்படுத்தப்படுவது, நடுவில் சுருள்வில் வைத்து இருபக்கமும் விரிந்து பெட்டியின் சுவர்களை அழுத்தி நிற்கும் விரிதடுப்பு. ஆணியோ பசையோ தேவையில்லை, எந்த நேரமும் நகர்த்தலாம் என்பது அதன் கவர்ச்சி. ஆனால் அது நிற்பது உராய்வின் வலுவால் மட்டுமே என்பதை நினைவில் கொள்ள வேண்டும். எடையுள்ள சப்பாத்திக் கட்டை ஒவ்வொரு முறை இடிக்கும்போதும் அது சற்று நகரும், எண்ணெய் படிந்த சுவரில் இன்னும் வேகமாக நகரும். உயர்விலைச் சமையலறைகளில் இன்று பரவலாகியுள்ள உலோகப் பக்கங்கள் கொண்ட இழுப்பறைகளில் பக்கச்சுவர் தாழ்வாகவும், அதன் மேல் ஒரு கம்பி மட்டுமாகவும் இருந்தால், விரிதடுப்பு சாய்ந்து அழுத்துவதற்குச் சுவரே இருக்காது. சம உயரமுள்ள மரப்பலகைச் சுவர்களைக் கொண்ட பெட்டியில்தான் அது சரியாகப் பணியாற்றும்.

தச்சரிடம் சொல்லிச் செய்துகொள்ளும் தடுப்புகள் பல வீடுகளுக்கு இதைவிடப் பொருந்தும் என்பதைச் சமையலறை விற்பனைக் கூடங்கள் எடுத்துச் சொல்வதில்லை. பெட்டியின் எதிரெதிர்ப் பக்கங்களில் ஐந்து சென்டிமீட்டருக்கு ஒன்றாகக் காடி, அதாவது பலகை நுழையும் பள்ளம், வெட்டிவிட்டால், ஆறு மில்லிமீட்டர் பிளைவுட் பட்டைகளை வேண்டிய இடத்தில் செருகி வேண்டாதபோது உருவிக்கொள்ளலாம். காடிக்குள் மாவும் தூசியும் சேரும் என்பது இதன் குறை. மற்றொரு முறையில், குறுக்கும் நெடுக்குமான பட்டைகளில் பாதி உயரம்வரை வெட்டு எடுத்து ஒன்றின் மேல் ஒன்றைக் கோத்துவிடுகிறார்கள். பசையும் ஆணியும் இல்லாத இந்தக் கட்டத்தை முழுதாகத் தூக்கி வெளியே எடுத்துப் பெட்டியைத் துடைக்க முடியும். தடுப்புகளின் தடிப்பைக் கணக்கில் சேர்க்க மறக்கக் கூடாது: 12 மில்லிமீட்டர் பலகையால் ஆறு தடுப்புகள் வைத்தால் ஏழு சென்டிமீட்டருக்கு மேல், அதாவது ஒரு முழு அறையின் அகலம், மரத்துக்கே போய்விடும். பிளைவுட் வாங்கும்போது, நீரைத் தாங்கும் தரமான ஐ.எஸ். 710 முத்திரையுள்ளதைக் கேட்பது பயனுள்ளது, ஐ.எஸ். 303 என்ற பொதுப்பயன் தரத்துக்குள் ஈரப்பதத்தை மட்டும் ஓரளவு தாங்கும் வகையும் கொதிநீரை ஓரளவு தாங்கும் வகையும் அடங்கும் என்பதால், அந்த எண் மட்டும் போதாது. மரத்தூளை அழுத்திச் செய்த பார்ட்டிகிள் போர்டு, விளிம்பு அடைக்கப்படாமல் வெட்டப்பட்டால் ஈரக்கரண்டியின் நீரை உறிஞ்சி ஊதிவிடும். தடுப்புக்கு அது உதவாது.

நீளமான பொருள்களுக்காகத் தடுப்பை மூலைவிட்டமாக அமைக்கும் வழக்கமும் உண்டு. மேலே கணக்கிட்ட 514க்கு 476 பெட்டியில் மூலையிலிருந்து மூலைக்கு ஏறத்தாழ 70 சென்டிமீட்டர் கிடைக்கும்; விசேஷ நாள்களில் பெரிய பாத்திரத்தில் கிளறும் கரண்டிக்கு இது போதும். இருபுறமும் உருவாகும் முக்கோண மூலைகளில் எதுவும் ஒழுங்காக உட்காராது என்பதால், நாள்தோறும் பயன்படாத ஒரு கரண்டிக்காக இந்த விலை கொடுப்பது தேவைதானா என்பது ஐயத்துக்குரியது.

பொருள்களின் தரத்தைப் பொறுத்தவரை, தமிழ்நாட்டில் மிகப் பரவலாக விற்பது எவர்சில்வர் கம்பிக் கூடைகளே. 15, 17, 19, 21 அங்குல அகலங்களிலும் 20 அங்குல நீளத்திலும் வரும் இவற்றில் 4 அங்குல உயரமுள்ளது கரண்டிகளுக்கு, 6 அங்குலம் கோப்பைகளுக்கு, 8 அங்குலம் தட்டுகளுக்கு என்று கடைகளில் பிரிக்கப்படுகின்றன; இது உள்ளூர்த் தேவையை உணர்ந்து உருவான பகுப்பு என்பதால், தட்டுகள் செங்குத்தாக நிற்கும் ‘தாலி பாஸ்கெட்’ வார்ப்புத் தட்டுகளைவிடப் பெரும்பாலான வீடுகளுக்கு நன்கு பயன்படுகிறது. கழுவிய ஈரம் கீழே வடிந்து காற்றில் உலர்வது கூடையின் நன்மை. கம்பிகளின் இடைவெளியில் தேக்கரண்டியின் காம்பு நழுவித் தொங்குவதும், கடுகும் மாவும் அடியில் கொட்டுவதும் அதன் தொல்லைகள். சிறு பொருள்களுக்குத் துளையிட்ட தகட்டால் ஆன கூடையே ஏற்றது.

கூடையின் விலையைத் தீர்மானிப்பது எஃகின் வகை. 304 என்று குறிக்கப்படும் வகையில் ஏறத்தாழ 18 விழுக்காடு குரோமியமும் 8 விழுக்காடு நிக்கலும் உள்ளன. விலை குறைந்த 202 வகையில் நிக்கலின் அளவு ஏறத்தாழ 4 முதல் 6 விழுக்காடாகக் குறைக்கப்பட்டு, அந்த இடத்தை மாங்கனீசு நிரப்புகிறது. குரோமியம் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து உருவாக்கும் மிக மெல்லிய படலமே எவர்சில்வரைத் துருவிலிருந்து காக்கிறது. உப்பிலுள்ள குளோரைடு அந்தப் படலத்தைத் துளைக்கும். கடற்கரையை ஒட்டிய ஊர்களில் உப்புக்காற்றும் அதே வேலையைச் செய்யும். 202 வகை இத்தாக்குதலை 304 அளவுக்குத் தாங்குவதில்லை என்பதால், சென்னை, தூத்துக்குடி, நாகப்பட்டினம் போன்ற ஊர்களில் விலை வேறுபாட்டைப் பொருட்படுத்தாமல் 304 வாங்குவது காலப்போக்கில் மிச்சமே. காந்தம் ஒட்டவில்லை என்றால் அது 304 என்று சொல்லும் கடைக்காரரின் சோதனையை நம்ப முடியாது. இரு வகைகளுமே அடிப்படையில் காந்தத்தால் ஈர்க்கப்படாதவை. இழுத்து வளைத்த கம்பியில் நல்ல 304கூடச் சற்று ஒட்டலாம். பட்டியலில் வகையை எழுதித் தருமாறு கேட்பதே உறுதியான வழி.

இதே படலத்தின் காரணமாக, பெட்டியின் அடியில் விரிக்கும் வழுக்காத விரிப்பிலும் கவனம் தேவை. கரண்டிகள் சறுக்காமலும் ஓசை எழாமலும் தடுக்க அது உதவுகிறது. ஈரத்தோடு வைத்த கரண்டிக்கும் விரிப்புக்கும் இடையே சிக்கிய நீர் உலராமல் நிற்கும்போது, அங்கே ஆக்சிஜன் குறைந்து, உப்பின் சுவடும் இருந்தால் எவர்சில்வரிலும் பழுப்புப் புள்ளிகள் தோன்றும். துளைகள் கொண்ட வலை போன்ற விரிப்பு இவ்வகையில் மேலானது. இரும்புத் தோசைத் திருப்பியும் கரிமம் மிகுந்த எஃகுக் கத்தியும் துடைத்து உலர்த்திய பின்னரே எந்த விரிப்பின் மேலும் செல்ல வேண்டும்.

பிளாஸ்டிக்கில் அடியில் அச்சிட்ட முக்கோணத்துக்குள் இருக்கும் எண் சில செய்திகளைச் சொல்லும். 5 என்பது பாலிபுரொப்பிலீன். சற்று வளையும், எளிதில் உடையாது, வெந்நீரைத் தாங்கும். 6 என்பது பாலிஸ்டைரீன். கண்ணாடி போலத் தெளிவாக இருந்தாலும், எடையுள்ள கட்டை ஒன்று விழுந்தால் விரிசல் விடும். ‘அக்ரிலிக்’ என்று விற்கப்படும் தெளிவான பெட்டிகள் பல உண்மையில் வேறு பிளாஸ்டிக்குகள் என்பதால் எண்ணைப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும். மெல்லிய பி.வி.சி. தட்டுகள் 80 டிகிரி செல்சியஸை நெருங்கும் வெப்பத்தில் இளகத் தொடங்கும். அடுப்பிலிருந்து எடுத்த சூடான கரண்டியை அவற்றில் போடக் கூடாது. மஞ்சள்தூள் கறை எல்லா வெளிர்நிறப் பிளாஸ்டிக்குகளிலும் ஏறும்.

மூங்கில் தட்டுகள் இப்போது மிகவும் விரும்பப்படுகின்றன. நீட்டி அகலப்படுத்தும் வசதியும் இயற்கைப் பொருள் என்ற எண்ணமும் அதற்குக் காரணங்கள். மூங்கில் புல்லினத்தைச் சேர்ந்தது. தண்டில் மாவுச்சத்து இருப்பதால், சரியாகப் பதப்படுத்தப்படாவிட்டால் துளைக்கும் வண்டு அதைத் தேடி வரும். மெல்லிய கீற்றுகளைப் பசையால் ஒட்டித்தான் பலகை ஆக்குகிறார்கள். அந்த ஒட்டுகளில் ஈரம் ஏறினால் கருமையான பூஞ்சை படியும். காற்றில் ஈரம் ஆண்டின் பெரும்பகுதி மிகுந்திருக்கும் கடலோர ஊர்களில், அதுவும் கழுவிய பாத்திரத்தை நீர் சொட்டச் சொட்ட உள்ளே வைக்கும் பழக்கமுள்ள வீடுகளில், மூங்கில் தட்டு அழகாக நீடிப்பது கடினம். கோயம்புத்தூர் போன்ற உலர்ந்த காற்றுள்ள இடங்களில் அதற்குக் கூடுதல் வாய்ப்பு உண்டு. மரமோ மூங்கிலோ, பெட்டியின் அகலத்துக்கு இறுக்கமாக வெட்டாமல் இருபக்கமும் இரண்டு மூன்று மில்லிமீட்டர் விட்டுவைத்தால், மழைக்காலத்தில் ஊதி மாட்டிக்கொள்ளாது.

விற்பனைப் பேச்சில் ஒருபோதும் இடம்பெறாத ஒரு காரணியும் இருக்கிறது: கரப்பான். வீடுகளில் காணப்படும் சிறிய பழுப்புநிறக் கரப்பான், சில மில்லிமீட்டர் அகலமுள்ள இடுக்குகளிலேயே பகலைக் கழிக்கிறது. உடலின் இருபக்கமும் ஏதேனும் ஒரு பரப்பு தொட்டுக்கொண்டிருக்கும் இடத்தையே அது நாடுகிறது. அதன் ஒரு முட்டையுறையில் முப்பதுக்கும் மேற்பட்ட முட்டைகள் இருக்கும். வார்ப்புத் தட்டின் உட்குழிந்த அடிப்பகுதிக்கும் பெட்டியின் தரைக்கும் இடையிலுள்ள வெற்றிடம், நீட்டி அகலப்படுத்தும் தட்டின் இரட்டை அடுக்கு, பெட்டியின் பின்சுவருக்கும் தட்டுக்கும் இடையே மிஞ்சும் ஒரு விரல் அகலம் ஆகியவை யாவும் அதற்கு ஏற்ற வாழிடங்கள். ஆகவே ஆணியடித்தோ பசையிட்டோ நிலைப்படுத்திய தடுப்புகளைத் தவிர்த்து, மாதம் ஒருமுறையேனும் முழுவதையும் வெளியே எடுத்துத் துடைக்க முடிகிற அமைப்பையே தேர்ந்தெடுக்க வேண்டும். எடுப்பது கடினமாக இருந்தால் யாரும் எடுக்கமாட்டார்கள்.

கத்திகளுக்குத் தனி ஏற்பாடு தேவை என்பதை இரண்டு காரணங்கள் வலியுறுத்துகின்றன: பிற உலோகங்களோடு உரசும் கத்தி விரைவில் மழுங்கும், பார்க்காமல் கையை உள்ளே விடுபவரின் விரலை வெட்டும். பிளவுகள் கொண்ட மரக்கட்டையைப் பெட்டிக்குள் படுக்கவைத்து, முனை பின்பக்கம் நோக்கியிருக்குமாறு கத்திகளைச் செருகுவதே சிறந்த முறை. சிறு குழந்தைகள் இருக்கும் வீட்டில் இதையும் கீழ் இழுப்பறையில் வைக்கலாகாது. அரிவாள்மனை எந்த இழுப்பறைக்கும் உரியதன்று. மடக்கு அரிவாள்மனையை வேண்டுமானால் ஆழமான கீழ்ப்பெட்டியில், மடித்த நிலையில் வைக்கலாம்.

ஆழமான பெட்டிகளில் தட்டுகளையும் டப்பாக்களையும் அசையாமல் நிறுத்த, துளைகள் நிறைந்த அடிப்பலகையில் வேண்டிய இடத்தில் முளைகளைச் செருகும் அமைப்பு ஒன்று கிடைக்கிறது. தட்டின் விட்டத்துக்கு ஏற்ப முளைகளை நகர்த்திக்கொள்ளலாம் என்பதால் அது விலைக்குத் தகுந்த பயன் தரும். இங்கே தடுப்பைவிடச் சேனலின் தாங்குதிறனே முதலில் கவனிக்கத்தக்கது. அதில் குறிப்பிடப்படும் கிலோ அளவில் பெட்டியின் சொந்த எடையும் அடங்கும். மரப்பெட்டி, கம்பிக்கூடை, எவர்சில்வர் தட்டுகள், அரிசி டப்பா என்று சேர்ந்துகொண்டே போனால் சாதாரணச் சேனல் தொங்கத் தொடங்கி, முன்பலகை அடுத்த பெட்டியோடு உரசும். பாதியளவே வெளியே வரும் சேனல் பொருத்திய பெட்டியில் பின்பாதிக்கு எவ்வளவு நேர்த்தியான தடுப்பு வைத்தாலும் கை எட்டாது. முழுவதும் வெளியே வரும் சேனலுக்குச் செலவிட்ட பணமே தடுப்புகளுக்குச் செலவிடும் பணத்துக்குப் பொருள் தருகிறது.

மசாலா டப்பாக்களைச் சாய்தட்டில் படுக்கவைக்கும் இழுப்பறை, வெளிச்சம் படாததால் மணத்தைக் காக்கும் என்பது சரியே. ஆனால் அடுப்புக்கு நேர் கீழே அமைந்தால், மணத்துக்குக் காரணமான ஆவியாகும் எண்ணெய்களை வெப்பம் வெளியேற்றிவிடும். ஒரு பெட்டி தள்ளி வைப்பது நல்லது.

எதையும் வாங்குவதற்கு முன்னர் செய்யத்தக்க சோதனை ஒன்று செலவற்றது. பொருள்களை எல்லாம் தரையில் பரப்பி, நாள்தோறும் கைபடுபவை, வாரம் ஒருமுறை தேவைப்படுபவை, பண்டிகைக்கு மட்டும் வேண்டுபவை என்று பிரித்தால், முறுக்கு நாழியும் அதிரசக் கட்டையும் பரண்மேல் ஏறிவிடும். மிஞ்சியவற்றை இனிப்புப் பெட்டி, செருப்புப் பெட்டி ஆகியவற்றின் அட்டையை வெட்டிச் செய்த தற்காலிகத் தடுப்புகளுக்கு இடையே வைத்து, இரண்டு மூன்று வாரம் சமைத்துப் பார்க்கலாம். எந்த அறை எப்போதும் நிரம்பி வழிகிறது, எந்த அறையைத் திறப்பவர் தொடுவதே இல்லை என்பது அதற்குள் தெரிந்துவிடும். அட்டையின் அளவுகளைக் குறித்துக்கொண்டு தச்சரிடமோ கடையிலோ கொடுத்தால் போதும். வீட்டில் சமைப்பவர் ஒருவருக்கு மேற்பட்டால் இந்தச் சோதனையை அனைவரும் சேர்ந்தே செய்ய வேண்டும். அம்மாவின் கைக்குப் பழகிய இடம் மருமகளின் கைக்கும் மகனின் கைக்கும் பழகியிருக்கும் என்று கருதிவிட முடியாது.

வாடகை வீடுகளில் வசிப்போரின் நிலை தனியானது. பல வீடுகளில் இழுப்பறையே இராது. சிமெண்டுப் பலகைத் தட்டுகளும் கதவில்லாத அறைகளும்தான் மேடைக்குக் கீழே இருக்கும். அங்கே தடுப்புக்கு மாற்றாக, 30 சென்டிமீட்டருக்குக் குறையாத நீளமும் முன்பக்கம் கைப்பிடித் துளையும் கொண்ட பாலிபுரொப்பிலீன் கூடைகளைத் தட்டின் ஆழத்துக்கு ஏற்ப வாங்கி வரிசையாக வைத்தால், ஒவ்வொன்றும் தனி இழுப்பறையாக வெளியே வரும். சிமெண்டில் உரசாமல் இருக்க அடியில் ஒரு தகடோ தடித்த விரிப்போ போதும். வீடு மாறும்போது பொருளோடு கூடையையும் அப்படியே தூக்கி வண்டியில் ஏற்றலாம். சொந்த வீட்டுக்குப் போனாலும், வாங்கும்போதே 47 சென்டிமீட்டர் நீளத்துக்குள் அடங்கும்படி தேர்ந்தெடுத்திருந்தால், அதே கூடைகள் 20 அங்குலச் சேனல் பெட்டிக்குள் நுழையும்.